ரயில் போன தடத்துல நடக்க, சைக்கிள் ஓட்ட ஒரு பாதை: கண்டுபிடிக்கிறதுல இருந்து கேட்டு வாங்குற வரைக்கும்

செக்கானூரணி பக்கம் எங்க தெருக்காரங்க ஏழெட்டு வருசம் காலையில நடந்துக்கிட்டு இருந்த பாதையில இப்ப ரயில் ஓடுது. ரயில் திரும்ப வந்ததுல எனக்கு முழு சந்தோசம், அத மொதல்லயே சொல்லிர்றேன். ஆனா அந்த ஏழெட்டு வருசத்துல நாங்க என்னென்ன தப்பு பண்ணோம், என்ன செஞ்சிருக்கலாம்னு யோசிச்சு யோசிச்சுதான் இத எழுதுறேன், ஏன்னா உங்க ஊர்லயும் இப்படி ஒரு தடம் சும்மா கெடக்கலாம், இல்ல நாளைக்கு ஒரு வளைவ நேராக்கும்போது பழைய வளைவு சும்மா விடப்படலாம்.

மதுரை-போடி மீட்டர்கேஜ் லைன் 1928ல தொறந்தது, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், வடபழஞ்சி, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டி தேனி, போடி. அகலப்பாதையா மாத்துறதுக்காக 2010 கடைசியோட ரயில நிறுத்துனாங்க. தண்டவாளத்தையும் அதுக்கு அடியில கெடக்குற சிலிப்பர் கட்டையையும் எடுத்துட்டுப் போனதும் வெறும் மண்மேடு மட்டும் நீளமா கெடந்துச்சு. யாரும் சொல்லாமலே ஊரு அதுல நடக்க ஆரம்பிச்சிருச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க சைக்கிள்ல போச்சுக, ஏன்னா தேனி ரோட்டுல பஸ்ஸும் லாரியும் பறக்குற பறப்புல பிள்ளைகள விட யாருக்கு மனசு வரும். நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளையாளுக, ஆடு மேய்க்கிறவங்க, சுகருக்காக டாக்டர் நடக்கச் சொன்னவங்க எல்லாரும் அங்கிட்டுத்தான். மூணாவது வருசம் சீமைக்கருவேல் ரெண்டு பக்கமும் ஏறிருச்சு, ஒரு எடத்துல வைக்கோல் படப்பு, ஒரு எடத்துல கோழிக்கழிவு மூட்டை, ஒரு எடத்துல யாரோ குறுக்க பள்ளம் வெட்டி குழாய் பதிச்சு மூடாமப் போயிட்டாங்க. முழுசா இருந்த பாதை மூணு நாலு துண்டாச்சு, துண்டானதும் சனம் வர்றது கொறஞ்சு போச்சு. அப்புறம் 2022 மே மாசம் தேனி வரைக்கும், 2023 ஜூன்ல போடி வரைக்கும் ரயில் வந்துச்சு. நடுவுல போன பன்னெண்டு வருசத்துக்கும் அந்த மேடு ஊருக்கு ஒழுங்கா பயன்பட்டிருக்கலாம், அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

எதுக்கு ரயில் தடம்தான் வேணும், கண்மாய்க்கரை பத்தாதான்னு கேப்பீங்க. பெரியப்பா தண்டவாளத்தப் பாத்துப் பராமரிக்கிற கேங்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு, அவருதான் எனக்கு புரிய வச்சாரு. ஒரு நாள் அந்த மேட்டுல நடந்து போயிட்டு இருக்கோம், "மூச்சு வாங்குதாப்பா உனக்கு? வாங்காது. இது எஞ்சினுக்காக செதுக்குன ஏத்தம்"னாரு. இரும்பு சக்கரம் இரும்பு மேல ஓடும்போது பிடிமானம் கம்மி, அதனால சமவெளியில நூறு அடி போனா ஒரு அடிக்கு மேல ஏறாத மாதிரிதான் லைன் போடுவாங்க, பல எடத்துல அதவிடவும் கம்மி. மேடு வந்தா வெட்டிருவாங்க, பள்ளம் வந்தா மண்ணக் கொட்டி ஒசத்திருவாங்க, வளைவும் பைய வளையும். அதனால முட்டிவலிக்காரங்க, வீல்சேர்ல வர்றவங்க, கேரியர்ல பேத்திய வச்சு மிதிக்கிற தாத்தா எல்லாருக்கும் இது வரம். இன்னொன்னு, ஊருக்கு நடுவுல தொடங்கி அடுத்த ஊருக்கு நடுவுல முடியும், நடுவுல துண்டு இல்ல. கண்மாய்க்கரை சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத்தான் வரும், ரயில் தடம் உங்கள ஒரு எடத்துக்குக் கொண்டு போய்ச் சேக்கும். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிள்ல போற பாதையா அத ஆக்க முடியும்னு நான் சொல்றது இதனாலதான்.

தடத்தக் கண்டுபிடிக்கிறது

மொதல்ல வீட்ல இருந்தே பாதி வேலைய முடிச்சிரலாம். கூகுள் எர்த்த கம்ப்யூட்டர்ல போட்டு பழைய வருசத்துப் படங்களப் பாக்குற கடிகாரத்த அமுக்குங்க, வருசத்த பின்னாடி தள்ளத் தள்ள இன்னைக்கு முள்ளுக்காடா தெரியுற எடத்துல நேர்கோடு ஒண்ணு தெளிவா வரும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல கைவிட்ட லைன தனியா குறிச்சு வச்சிருப்பாங்க, ஆனா அது ஆளுக போட்டது, அதையே வேதமா எடுத்துக்காதீங்க. சர்வே ஆஃப் இந்தியா டோபோ ஷீட்டு (மேடு பள்ளமெல்லாம் காட்டுற அரசு வரைபடம்) கெடச்சா ரொம்ப நல்லது. 1950கள்ல அமெரிக்க ராணுவம் நம்ம நாட்டுக்குப் போட்ட மேப்புகள டெக்சாஸ் யுனிவர்சிட்டி நூலகம் ஸ்கேன் பண்ணி சும்மாவே பாக்க வச்சிருக்கு, அதுல மதுரை சுத்து வட்டாரத்து லைனெல்லாம் இருக்கு, பொழுது போறதே தெரியாது.

அப்புறம் நேர்ல போங்க. ஊருக்குள்ள ரயிலடித் தெரு, ஸ்டேஷன் ரோடு, பழைய கேட்டுன்னு பேரு இருந்தும் பக்கத்துல லைன் இல்லேன்னா விசாரிங்க. வயக்காட்டுக்கு நடுவுல ஆள் ஒசரத்துக்கு நேரா ஓடுற மண்மேடு, அதுக்கு அடியில கல்லுல கட்டுன சின்னப் பாலம், பாலத்து நெத்தியில செதுக்குன வருசம், வேலிக்கம்பா நட்டு வச்சிருக்கிற பழைய தண்டவாளத் துண்டு, கூரை போன கேங் குடிசை, இதெல்லாம் அடையாளம். எல்லாத்தையும் விட நல்ல மேப்பு ரிட்டையரான கேங்மேனும் கேட்கீப்பரும்தான். ஒரு டீ வாங்கிக் குடுத்து பக்கத்துல ஒக்காருங்க, எந்தப் பாலத்துக்கு அடியில எந்தக் கண்மாய்த் தண்ணி போகும்ங்குறது வரைக்கும் சொல்லுவாங்க. பெரியப்பா சொன்னத நான் நோட்டுல எழுதி வச்சேன், அந்த நோட்டு பின்னால மனு எழுதும்போது ரொம்ப ஒதவுச்சு.

இப்ப முக்கியமான ஒண்ணு. லைன் கெடக்குறதும் லைன் செத்ததும் வேற வேற. தண்டவாளம் இருந்தா அதுல துரு ஏறியிருந்தாலும் புல்லு மொளச்சிருந்தாலும் ரயில் வராதுன்னு நெனைக்காதீங்க, எஞ்சின் மட்டும் வரும், வேலை வண்டி வரும். 1989 ரயில்வே சட்டத்துல 147வது பிரிவுப்படி அனுமதியில்லாம ரயில்வே எடத்துக்குள்ள நொழஞ்சா ஆறு மாசம் வரைக்கும் செயிலு, இல்ல ஆயிரம் ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட சேத்துப் போடலாம். அத விடுங்க, உயிரு. கரண்ட்டு லைன்ல மேல ஓடுற கம்பியில 25,000 வோல்ட்டு, தொடவே வேண்டாம், கிட்ட போனாலே இழுக்கும். அதனால ஓடுற லைனுக்குப் பக்கத்துல "சும்மா ஓரமா நடக்குறோம்"ங்குற பேச்சே வேண்டாம். போடி லைன்லயும் சில பேரு பழைய பழக்கத்துல இன்னும் நடக்குறாங்க, தயவு செஞ்சு நிறுத்துங்க. மேல ஏறி வெரசா கடந்துரலாம்னு நெனச்சவங்க எத்தனையோ பேரு திரும்பி வரல.

தண்டவாளம் போயி வெறும் மேடு மட்டும் இருந்தாலும் எடம் ரயில்வேயோடதுதான். தாலுகா ஆபீஸ்ல, இல்ல ஆன்லைன்ல இ-சர்வீசஸ் தளத்துல அ-பதிவேடும் எஃப்எம்பி வரைபடமும் (நிலத்த அளந்து போட்ட படம்) எடுத்து சர்வே நம்பரப் பாத்துக்குங்க. பக்கத்துப் பட்டா நிலம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம நடந்து போனா வெட்டியா சண்டை வரும்.

பழகிப் பாக்க ரெண்டு எடம்

மனு, கமிட்டின்னு எறங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும் செத்த லைனோட தடத்துல நடந்து பாருங்க, அந்தச் சாய்வு ஒடம்புக்குப் பழகணும். மதுரையில இருந்து போய் வர ரெண்டு எடம் இருக்கு.

ஒண்ணு தனுஷ்கோடி. 1914ல பாம்பன் பாலம் தொறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போயி அங்கிருந்து கப்பல்ல தலைமன்னார் போற வழி அது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி புயல்ல பாம்பன்ல இருந்து போன பாசஞ்சரும் அதுல இருந்த சனமும் கடலோட போச்சு, அந்த லைன திரும்பப் போடவே இல்ல. இப்ப அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கு, வழியில ஸ்டேஷன் இடிபாடு, சர்ச்சு, மணலுக்குள்ள கட்டடத் துண்டுகள். சைக்கிள்ல போறதுன்னா ராமேஸ்வரத்துல இருந்து விடிய முன்னாடியே கெளம்புங்க, போக வர நாப்பது கிலோமீட்டர் கணக்கு வச்சுக்குங்க, மேடே கெடையாது ஆனா எதிர்காத்து மேட்ட விட மோசம். நிழலு ஒரு பொட்டு இல்ல, தண்ணி மூணு லிட்டராச்சும் ஆளுக்கு வேணும், பொழுது சாய முன்னாடி திரும்பிரணும். அங்க போனா சத்தம் போடாம நடங்க, அது எத்தனையோ பேரோட சமாதி.

இன்னொன்னு போடிக்கு மேல. இது பல பேருக்குத் தெரியாது. மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் குண்டளப் பள்ளத்தாக்குல ஒரு குட்டி ரயில் ஓடுச்சு. 1902ல ஒத்தத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்தாங்க, 1908ல அத எடுத்துட்டு ரெண்டடி அகலத்துல எஞ்சின் வண்டி விட்டாங்க. தேயிலை டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயில்ல வரும், அங்கிருந்து ரோப்வே கம்பியில கொட்டகுடிக்கு எறங்கும், கொட்டகுடியில இருந்து போடிக்கு. 1924 வெள்ளத்துல லைன் மொத்தமும் அடிச்சுட்டுப் போயி அதோட சரி. இப்ப மூணாறு-டாப் ஸ்டேஷன் ரோட்டுல சைக்கிள்ல போனா பல எடத்துல அந்தப் பழைய தடத்தோட போக்கு தெரியும், ரோடு எதுக்கு இம்புட்டு சீரா ஏறுதுன்னு அப்பப் புரியும். குரங்கணி பக்கமிருந்து காட்டு வழியா நடந்து ஏறணும்னா வனத்துறை அனுமதி இல்லாம அடி எடுத்து வைக்காதீங்க, கோடையில காட்டுத்தீ சமயத்துல கண்டிப்பா வேண்டாம். 2018 மார்ச்சுல குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கிச் செத்தத நம்ம பக்கத்து ஆளு யாரும் மறந்திருக்க மாட்டோம்.

முழுசா பாதையா ஆக்குனது எப்படி இருக்கும்னு பாக்கணும்னா சிங்கப்பூர். நம்ம சிவகங்கை, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்துல இருந்து அங்க போன குடும்பம் இல்லாத தெரு கெடையாது, பிள்ளைகளப் பாக்கப் போற அப்பா அம்மா ஒரு காலையில இத பாத்துட்டு வாங்க. மலேசிய ரயில் 2011 ஜூன் 30ஓட நின்ன லைன், தஞ்சோங் பகார்ல இருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் 24 கிலோமீட்டர், அத அப்படியே நடக்குற பாதையா வச்சிருக்காங்க. என் மச்சான் அங்க இருக்காரு, அவரு கூட்டிட்டுப் போனாரு. புக்கிட் தீமா பழைய ஸ்டேஷன் அப்படியே இருக்கு, இரும்புப் பாலம் அப்படியே இருக்கு, பெயிண்டடிச்சு பளபளன்னு ஆக்கல, ரெண்டு பக்கமும் புல்லு, மரம், குருவி, நடுவுல நடக்க மட்டும் ஒரு கோடு. எனக்கு நம்ம மேடு ஞாபகம் வந்து தொண்ட அடைச்சுருச்சு. அங்க இயற்கை ஆர்வலர்கள் ரயில் நிக்கிறதுக்கு முன்னாடியே, 2010லயே, இத துண்டு போடாதீங்க முழுசா விடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நிக்கிறதுக்கு முன்னாடி. இத கோடு போட்டு வச்சுக்குங்க. நாங்க நின்னு மூணு வருசம் கழிச்சு, துண்டான பெறகுதான் பேச ஆரம்பிச்சோம்.

நியூயார்க்ல ஒசரத்துல இருக்குற பழைய சரக்கு லைன 2009ல தொறந்தாங்களே அந்த ஹை லைன் படத்தக் காட்டி "இந்த மாதிரி வேணும்"னு நம்ம ஊர்ல கேக்காதீங்க. அது 2.3 கிலோமீட்டர், பெரிய பணக்கார ஊரு பெருஞ்செலவு பண்ணிக் கட்டுனது. அதுக்கு முன்னாடியே பாரிஸ்ல 1993ல அப்படி ஒண்ணு வந்துருச்சு. நமக்கு ஏத்தது இங்கிலாந்துல பிரிஸ்டல்-பாத் பாதை. 1979ல தன்னார்வலர்கள் மம்பட்டியும் கையுமா எறங்கி கொஞ்சங் கொஞ்சமா போட்டது, இன்னைக்கு 13 மைல் நீளம், நடுவுல ஒரு எடத்துல பழைய நீராவி ரயில் பக்கத்துலயே ஓடுது, பாதையும் ஓடுது.

கேக்குறது எப்படி

கேக்குறதுக்கு முன்னாடி எண்ணுங்க. இது நான் ரொம்ப அழுத்திச் சொல்ற விசயம். ஒரு சாதா நாளு, ஒரு ஞாயித்துக்கெழமை, காலையில அஞ்சரையில இருந்து எட்டு, சாயங்காலம் நாலரையில இருந்து ஏழு, ஒரு பாலத்து மேல ரெண்டு பேரு நோட்டோட ஒக்காந்து போற வர்ற ஆள எண்ணுங்க. ஆம்பளை, பொம்பளை, பிள்ளைங்க, சைக்கிளு, வயசானவங்க, மாடு ஆடு ஓட்டிட்டு வர்றவங்கன்னு தனித்தனியா கோடு போடுங்க. "மக்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள்"னு எழுதுனா யாரும் படிக்க மாட்டாங்க, உங்க நோட்டுல வந்த எண்ணிக்கைய எழுதுனா ஆபீசரு நிமுந்து பாப்பாரு. நாங்க எண்ணாமலே ஒரு ஆபீசுக்கு மனு கொண்டு போனோம், "எத்தன பேரு நடக்குறீங்க"ன்னாங்க, நாலு பேரும் நாலு விதமா சொன்னோம், மனு மேசையிலயே கெடந்துச்சு.

அடுத்து தகவல் உரிமைச் சட்டம். ரயில்வே மத்திய அரசு, அதனால மத்திய அரசோட ஆர்டிஐ தளத்துலயே போடலாம், கட்டணம் 10 ரூவா, வறுமைக்கோட்டு அட்டை இருந்தா அதுவும் கெடையாது, 30 நாளுல பதில் வரணும், வரலேன்னாலும் சரியில்லேன்னாலும் 30 நாளைக்குள்ள மொத மேல்முறையீடு. நம்ம பகுதி தெற்கு ரயில்வேயில மதுரை கோட்டம். "ஏன் செய்யல"ன்னு கேக்காதீங்க, அதுக்கு அவங்க பதில் சொல்லணும்னு கட்டாயமில்ல. காகிதத்தக் கேளுங்க: இந்த ரெண்டு ஊருக்கு நடுவுல உள்ள தடத்தோட சர்வே நம்பரு, அகலம், லைன மூடுன உத்தரவோட நகலு, இந்த எடத்துக்கு ஏதாச்சும் திட்டம் ஒப்புதல் ஆயிருந்தா அதோட நகலு, யாருக்காச்சும் குத்தகை குடுத்திருந்தா அந்த விவரம். காலி ரயில்வே நிலத்த வருமானத்துக்காகப் பாக்குறதுக்கு ஆர்எல்டிஏன்னு தனி அமைப்பு இருக்கு, உங்க துண்டு அவங்க கையில போயிருச்சான்னும் கேட்டுக்குங்க.

பதில் வந்தா பாதிச் சண்டை முடிஞ்ச மாதிரி. அப்புறம் உள்ளூர் பக்கம். ஊராட்சின்னா கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளுல ஒரு நாளுல தீர்மானம் போட்டு நகலு வாங்குங்க. தீர்மானம் இல்லாம போற மனுவுக்கும் தீர்மானத்தோட போற மனுவுக்கும் மரியாதையே வேற. மாநகராட்சிக்குள்ளன்னா கவுன்சிலர், ஏரியா சபை. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல ஒரு நகலு, ரசீது நம்பர பத்திரமா வைங்க.

மனுவுல என்ன எழுதணும்ங்குறதுல தான் நாங்க கோட்ட விட்டோம். "இந்த எடத்த பூங்காவா ஆக்கித் தாங்க"ன்னு எழுதுனோம். ரயில்வேக்காரங்களுக்கு அத வாசிச்சதும் பயம் வந்துரும், நாளைக்கு லைன் திரும்பப் போடணும்னா சனம் விடாதேன்னு. நிலத்த விட்டுக் குடுக்கச் சொன்னா யாரும் குடுக்க மாட்டாங்க. அமெரிக்காவுல 1983ல இதுக்கே ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தாங்க, ரயில் நின்ன தடத்த முழுசா அப்படியே காப்பாத்தி வைக்கிறது, நடுவுல நடக்க சைக்கிள் ஓட்ட பயன்படுத்துறது, நாளைக்கு ரயில் வேணும்னா திரும்ப எடுத்துக்கிறது. பேங்க்ல போட்டு வைக்கிற மாதிரி. நம்ம நாட்டுல அப்படி தனிச் சட்டம் தேவையே இல்ல, மனுவுல நாமளே அந்த வாக்கக் குடுத்துரலாம். இப்படி எழுதுங்க:

"மேற்படி தடத்தில் மீண்டும் ரயில் இயக்க முடிவு செய்யப்படும் வரை, தற்காலிகமாக, நிலத்தின் உரிமை ரயில்வேயிடமே இருக்கும் நிலையில், பொதுமக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நிரந்தரக் கட்டுமானம் எதுவும் தடத்தின் மேல் எழுப்பப்படாது. ரயில்வே கோரும் நாளில் பாதை காலி செய்யப்படும். அதுவரை தடம் ஆக்கிரமிக்கப்படாமலும் துண்டிக்கப்படாமலும் ஊராட்சி பராமரிக்கும்."

கடைசி வரிதான் உயிரு. ஆக்கிரமிப்பு அகத்துறதுக்கு ரயில்வே படுற பாடு எல்லாருக்கும் தெரியும். தெனம் ஆயிரம் கண்ணு நடக்குற எடத்துல யாரும் கொட்டாய் போட மாட்டான். அவங்க நிலத்த அவங்களுக்கே காப்பாத்திக் குடுக்குறோம்னு சொல்றோம், அது நெசமும் கூட.

என்னத்தப் போடணும், என்னத்தப் போடக் கூடாது

அனுமதி வந்ததும் மொத வேலை பேவர் பிளாக்குன்னு ஆரம்பிப்பாங்க, விடாதீங்க. மண்மேட்டுல பேவர் பிளாக் ஒரு மழைக்கு எறங்கும், சைக்கிள்ல போனா பல்லு ஆடும், வீல்சேரு சக்கரம் இடுக்குல மாட்டும். பழைய ஜல்லி கெடந்தா அது மேல நடக்க முடியாது, கணுக்கால் பெரண்டுரும், ஆனா அதத் தூக்கி வெளிய கொட்ட வேண்டாம், பரப்பி ரோலர் விட்டா அதுவே அடித்தளம். அது மேல கிராவலு, அதுக்கு மேல கிரஷர் பொடி, தண்ணி ஊத்தி ரோலர் விட்டு இறுக்குனா நடக்கவும் சைக்கிளுக்கும் போதும், செலவும் கம்மி, நாளைக்கு ரயில் வந்தா பேத்து எடுக்குற வேலையும் இல்ல. அகலம் பத்தடிக்குக் கொறையாதீங்க, நடக்குறவங்க ரெண்டு பேரு சேந்து பேசிக்கிட்டு வருவாங்க, எதுக்க சைக்கிளு வரும், எடம் வேணும். நடுவுல லேசா ஒசத்தி ரெண்டு பக்கமும் சரிச்சு விடுங்க, தண்ணி நிக்காது.

பழைய மரச் சிலிப்பர் கெடச்சா பெஞ்சு போடலாம்னு தோணும். வேண்டாம். கரையான் அரிக்காம இருக்க கிரியோசோட்னு ஒரு தார் எண்ணெயில ஊறப் போட்ட கட்டைக அது, வெயில்ல கசியும், தோலுல பட்டா எரியும், எரிச்சா பொக கெடுதல். பிள்ளைங்க ஒக்கார்ற எடத்துல அது ஆகாது, கல்லு பெஞ்சு போதும்.

அடியில இருக்குற சின்னப் பாலங்கள ஒண்ணு விடாம பாருங்க. மதுரை சீமை முழுக்க கண்மாய் சங்கிலி, ஒரு கண்மாய் நெறஞ்சு அடுத்ததுக்குப் போற வரத்துக்கால் இந்த மேட்டுக்கு அடியிலதான் போகுது. ரயில் நின்னதும் அத சுத்தம் பண்ண ஆளில்லாம தூந்து போயிருக்கும். பாதை போடுறேன்னு மண்ணத் தள்ளி அடச்சிட்டீங்கன்னா மேல ஊரு மூழ்கும், கீழ கண்மாய் காயும், அப்புறம் வெவசாயிக உங்க பாதைய வெட்டி விட்டுருவாங்க, அவங்க பக்கம்தான் ஞாயமும். மொத நாள் மம்பட்டி அந்தப் பாலத்துக்கு அடியிலதான் விழணும். எங்க மேட்டுல பெரியப்பா காட்டுன ஒரு பாலத்த தூர் வாரிவிட்டதும் அடுத்த ஐப்பசி மழையில தண்ணி போறதப் பாக்க ஊரே வந்து நின்னுச்சு, அதுக்கப்புறந்தான் வெவசாயிக எங்க கூட நின்னாங்க.

மரம் நடுறப்ப தடத்து மேல நடாதீங்க, எல்லைக் கோட்டு ஓரமா, பாதையில இருந்து ஆறேழு அடி தள்ளி. வேம்பு, புங்கை, பூவரசு, இலுப்பை, இதெல்லாம் நம்ம வெயிலுக்குத் தாங்கும், நிழலும் கெட்டி. குல்மொகர் பூ அழகுதான், காத்தடிச்சா கெள முறியும், நடக்குற எடத்துல வேண்டாம். மதுரை வெயில்ல நிழலு இல்லேன்னா காலையில எட்டு மணிக்கு மேல பாதைய யாரும் தொட மாட்டாங்க, ஆகையால லைட்டுக்குச் செலவழிக்கிற காசுல பாதியாச்சும் மரத்துக்குப் போகணும்னு நான் சொல்லுவேன்.

லைட்டப் பத்தி பேசுறப்ப எங்க மதினி ஒரு கேள்வி கேட்டாங்க. "லைட்டெல்லாம் சரிங்க தம்பி, நடுவுல எனக்குப் பயமாயிருந்தா வெளிய போக எத்தன எடத்துல வழி வச்சிருக்கீக?" எங்க யாருக்கும் பதில் இல்ல. மேடு ரெண்டு பக்கமும் பத்தடி சரிவு, முள்ளு, ஒரு கிலோமீட்டருக்கு எறங்க எடமே இல்லேன்னா எந்தப் பொம்பளையும் தனியா வர மாட்டா, லைட்டு எத்தன போட்டாலும். முந்நூறு நானூறு மீட்டருக்கு ஒரு எறக்கம், அதுல ஒண்ணு படியா இருந்தா அடுத்தது சாய்தளமா இருக்கட்டும், எறங்குனா ஆளு நடமாட்டம் உள்ள தெருவுல போய் விழணும். எடம் முடிவு பண்ற அன்னைக்கு பொம்பளையாளுகளக் கூட்டிட்டு நடங்க, அவங்க காட்டுற எடத்துல குறி போடுங்க.

டூவீலரு பெரிய தலவலி. நொழையிற எடத்துல ஒரு மீட்டர் இடைவெளியில கல்லுக்கால் நட்டா ஆட்டோவும் காரும் நிக்கும், பைக்கு நொழஞ்சிரும். அதையும் தடுக்குறேன்னு நெருக்கி நட்டீங்கன்னா வீல்சேரும் மூணு சக்கர சைக்கிளும் சேந்து நின்னுரும். அதனால கம்பியால பைக்க தடுக்கப் பாக்காதீங்க, காலையிலயும் சாயங்காலமும் பாதையில நடக்குற ஆளுகளே நிறுத்திச் சொல்லணும், ஒரு மாசம் விடாம சொன்னா பழகிரும். பழைய கேட்டு இருந்த ரோட்டுக் கடப்புல வேகத்தடை போட்டு, பாதையில வர்றவங்க நின்னு பாத்துப் போற மாதிரி பலகை வைங்க, சைக்கிள்ல வர்ற பிள்ளைங்க ரயிலுக்குத்தான் கேட்டு மூடுவாங்க நமக்கு மூட மாட்டாங்கன்னு வீட்லயே சொல்லி அனுப்புங்க. நடக்குறவங்க இடது ஓரம், சைக்கிளு பின்னால வந்தா பெல்லடிச்சுட்டு பைய தாண்டணும், கூட்டமா இருந்தா எறங்கித் தள்ளணும். ஆடு மாடு ஓட்டுறவங்கள வெரட்டாதீங்க, நமக்கு முன்னாடி அந்த எடத்துல நடந்தவங்க அவங்க, ஒரு நேரம் பேசி வச்சுக்கலாம்.

மத்தபடி தண்ணித் தொட்டி, கக்கூஸ், குப்பைத் தொட்டி எல்லாம் பழைய ஸ்டேஷன் எடத்துல வச்சா போதும், வழி நெடுக வேண்டாம். ஸ்டேஷன் கட்டடம் இடியாம இருந்தா ஓடு மாத்தி அப்படியே வைங்க, ஊர்ப் பேரு எழுதுன மஞ்சப் பலகைய யாரும் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிட்டுப் போகாமப் பாத்துக்குங்க. வாசல்ல பருத்திப்பால் தள்ளுவண்டிக்கு ஒரு எடம் விடுங்க, காலையில ஆறு மணிக்கு அங்க ஒரு ஆளு விளக்கோட நிக்கிறதே காவலு.

கடைசியா சீமைக்கருவேல். பாதை போட்ட மூணாவது மாசத்துல இருந்து இதுதான் உங்க எதிரி. மேல வெட்டுனா அடியில நாலாத் தழையும், நாங்க அருவாளால வெட்டி வெட்டி தோத்தோம். மழை பெஞ்ச மறு வாரம் மண்ணு நெகிழ்ந்திருக்கும்போது மம்பட்டி, கடப்பாரையோட போயி வேரோட தோண்டி எடுக்கணும், சின்னக் கன்னா இருக்கும்போதே புடுங்கிரணும், முள்ளு குத்துனா சீழ் வைக்கும், தடிச்ச செருப்பு போட்டு கையுறை மாட்டிக்குங்க. கிலோமீட்டருக்கு பத்துப் பேருன்னு தெருவாரியா பிரிச்சு மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை காலையில ரெண்டு மணி நேரம், எந்தத் தெருவுக்கு எந்தப் பாலத்துல இருந்து எந்தப் பாலம் வரைக்கும்னு பலகையில எழுதி ஸ்டேஷன் வாசல்ல மாட்டுங்க.